கடலும் கடலையும்

உர மருந்துக் கடைக்காரனின் தொழிலில் பாதி, சரக்கைக் கையில் கொடுத்து "மூக்கைக் கட்டிக்கிட்டு அடிங்க, கையைக் கழுவிட்டுச் சாப்பிடுங்க" என்று சொல்வது. மீதிப் பாதி, சொன்னதை யாரும் கேட்கவில்லை என்று அடுத்த வாரம் தெரிந்துகொள்வது. போடியில் பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் அப்படி ஒரு கடை வைத்திருக்கிறேன். என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். என்னைப் போல, ஒரு நிலக்கடலை உள்ளே போனால் மூச்சு நின்றுபோகிற பிள்ளையைப் பெற்றவர்கள் படித்தால் தலைகூட ஆட்ட மாட்டீர்கள், பேசாமல் அடுத்த வரிக்குப் போவீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பா பேசுதா?

என் மகள் ஜெனிக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது. அது எங்களுக்குத் தெரியவந்தபோது அவளுக்கு மூன்று வயது. குரங்கணிக்கு மேலே காப்பித் தோட்டம் வைத்திருக்கிற வாடிக்கையாளர் வீட்டில் காதுகுத்து. பாயசத்தில் மிதந்த முந்திரியை என் மனைவி ஸ்டெல்லாதான் எடுத்து ஆசையாக ஊட்டினாள். இன்னொன்று கேட்டு வாயைத் திறந்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டது. உதடு தடித்தது. இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அழுகிறாள், சத்தம் வரவில்லை. "கண்ணு பட்டுருச்சு" என்று ஒரு அம்மாள் மிளகாய் எடுத்துவர உள்ளே போனார்.

தோட்டத்து ஜீப்புதான் எங்களைக் கீழே இறக்கியது. அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு பிரேக் மிதித்தாக வேண்டும். அன்றைக்கு அந்த டிரைவர் மிதித்ததாக எனக்கு ஞாபகமில்லை. போடியில் ஊசி போட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஜெனி கரகரத்த குரலில் "அம்மா" என்றபோது, வாசலில் நின்றிருந்த அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் பஜாரில் என்னைக் கண்டால், பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க நடுரோட்டில் ஜீப்பை நிறுத்துவார். வேறு எதையும் விசாரிக்க மாட்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்பார்:

"பாப்பா பேசுதாண்ணே?"

எதுக்குப் பயப்படுறது

அதன்பிறகு எங்கள் வீட்டிலிருந்து கடலை எண்ணெய் போனது. இட்லிப் பொடி போனது, பேக்கரிப் பலகாரம் போனது, விருந்துக்குப் போவது போனது. வீடு கடைக்கு மேல் மாடியில். பள்ளிக்கூடம் விட்டதும் ஜெனி கடைக்குள் ஓடிவருவாள் என்பதால் கடையிலும் கடலை கூடாது என்று சொல்லிவைத்தேன். இதுதான் நடவாத காரியம். விவசாயம் பார்க்கிற சிலமலைப் பக்கத்துச் சம்சாரிகள் பஸ்சை விட்டு இறங்கும்போதே கையில் வறுகடலைப் பொட்டலத்தோடுதான் இறங்குவார்கள். பேசிக்கொண்டே உரித்து, தோலைக் கடைக்குள்ளேயே ஊதுவார்கள். நான் துடைப்பத்தோடு பின்னால் போவேன்.

ஒருநாள் ஏலத்தோட்டத்து சூப்பர்வைசர் ஒருவர் தண்டு துளைப்பான் புழுவுக்கு மருந்து வாங்க வந்தார். சட்டைப் பையில் கடலை. "அண்ணே, அதை வெளிய வச்சுத் தின்னுட்டு வாங்க, பிள்ளைக்கு ஆகாது" என்றேன். அவர் கோபப்படவில்லை. என் முதுகுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்த டப்பாக்களையும் ஒவ்வொன்றிலும் இருந்த விஷ எச்சரிக்கை முக்கோணத்தையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இம்புட்டு விசத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, நீங்க கடலைக்குப் பயப்படுறீங்க!"

சீட்டு

எங்கள் தொழிலில் நன்றாக விற்றுக்கொடுக்கிற கடைக்காரர்களை மருந்துக் கம்பெனி சுற்றுலா கூட்டிப்போகும். ஜெனி மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் கொச்சியிலிருந்து கப்பல், குடும்பத்தோடு. ஸ்டெல்லா கேட்ட உடனே வேண்டாம் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் இதைச் சொல்ல வந்த கம்பெனிப் பிரதிநிதி கடையில் ஜெனி இருக்கும்போதே கப்பல் படத்தைப் போனில் காட்டிவிட்டார். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அவளை ஒருமுறைகூட அனுப்பியதில்லை. கூட இருக்கிற பிள்ளைகள் போய்விட்டு வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருப்பாள், அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி அவள் சண்டை போடவில்லை, அழவில்லை. "கப்பல்லயும் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். அடுத்தநாள் ஸ்டெல்லாதான் என்னிடம் வந்து "போவோம்" என்றாள்.

பிரதிநிதியைக் கூப்பிட்டு, சாப்பாடு விஷயத்தைக் கப்பல்காரர்களிடம் முன்னாலேயே சொல்லச் சொன்னேன். "சார், கப்பல்ல எல்லாம் கிடைக்கும்" என்றார். எல்லாம் கிடைப்பதுதான் எங்களுக்குச் சிக்கல் என்றேன். இரண்டு மூன்று தடவை விளக்கிய பிறகு பாதி புரிந்துகொண்டு, எனக்கு ஒரு நல்ல யோசனை சொன்னார்:

"அப்ப பாப்பாவ விட்டுட்டு வாங்க சார், சீட்ட வீணாக்காதீங்க."

டாக்டர் சொன்னது

கிளம்புவதற்கு முன்னால் மதுரையில் ஜெனியைப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் மருந்தும் சிரிஞ்சும் கொடுத்து, குப்பியின் கழுத்தை எப்படி உடைப்பது, எந்தக் கோடு வரை இழுப்பது, தொடையில் எந்த இடத்தில் குத்துவது என்று ஒரு சாத்துக்குடியை வைத்துப் பழக்கினார். நான் இழுத்தது கோட்டைத் தாண்டிவிட்டது. ஸ்டெல்லாவுக்கு முதல் தடவையே சரியாக வந்தது. மூச்சுத் திணறினால் யோசிக்கவே கூடாது, போட்டுவிட்டு அப்புறம் யோசிக்க வேண்டும் என்றார். போட்ட பிறகு என்ன செய்வது, பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி எது என்று நான் கேட்டேன். டாக்டரம்மா என்னைப் பார்க்காமல் ஸ்டெல்லாவைப் பார்த்துச் சொன்னார்:

"கடல் நடுவுல நீங்கதாம்மா ஆஸ்பத்திரி."

பஸ்சில்

தேனி மாவட்டத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே பஸ். போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகக் கொச்சி. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குள் பலகாரப் பைகள் திறந்துவிட்டன. முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய், வறுத்த முந்திரி. ஸ்டெல்லா ஏறியதும் எங்கள் சீட்டைத் துணியால் துடைத்தாள், கைப்பிடியைத் துடைத்தாள். எல்லாரும் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வந்து நீட்ட நீட்ட, ஸ்டெல்லா சிரித்த முகத்தோடு "வேணாங்க, பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எங்களுக்காவது வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாங்கள் தின்ற கையால்தான் அவளைத் தொடுவோம்.

எங்கள் சீட்டுக்கு முன்னால் தங்கராசு அண்ணன். சிலமலை ரோட்டில் கடை. எங்களில் மூத்தவர். ஜெனி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்த மனுஷன், அவளுக்குப் பெரியப்பா. "இந்தக் காலத்துப் பிள்ளைகள பொத்திப் பொத்தி வளத்துக் கெடுக்குறீங்க தம்பி. எதையும் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். எங்க ஆட்டுக்குட்டிக்குப் புதுத் தீவனம் அப்படித்தான் பழக்குறோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் டாக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி பலகாரச் சம்படத்தை நீட்டிக்கொண்டே வந்தார். தான் சுட்ட முறுக்கை மூன்றாவது தடவை ஸ்டெல்லா மறுத்தபோது, அந்த அம்மா சம்படத்தை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"எங்க கைல வாங்கித் தின்னா கொறஞ்சு போவீங்களோ?"

தனிச் சட்டி

கப்பலைப் பற்றி நான் பயந்ததெல்லாம் ஒன்று, நடந்தது வேறு. ஏறியதும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சமையல் பொறுப்பாளரைக் கேட்டேன். கோட்டயம் பக்கத்துக்காரர், பெருத்த உடம்பு. மூணாறு எஸ்டேட்டுகளில் வேலை பார்த்ததால் பாதித் தமிழ் வரும். நான் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டார். பிறகு என்னைக் கேள்வி கேட்டார்: தொட்டாலே வருமா, எண்ணெய் சேருமா, தேங்காய் பரவாயில்லையா. இத்தனை வருஷத்தில் என் பிள்ளையைப் பற்றி ஒரு சமையல்காரர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

வரிசையில் வைத்திருந்த எதையும் தொட வேண்டாம் என்றார். தனிச் சட்டி, தனிக் கரண்டி. சோறு, பருப்பு, மீன் பொரியல் எல்லாவற்றையும் மூடிய தட்டில் தானே எடுத்துவந்தார். ஜெனி தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "கடலை இருக்கா?" என்று அவரிடமே கேட்டாள். எங்கள் வீட்டில் சாமி கும்பிடப் பழக்குவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைப் பழக்கியிருந்தோம். அந்தப் பெரிய மனுஷன் குனிந்து அவள் உயரத்துக்கு வந்து, பயப்படாமல் சாப்பிடச் சொல்லி மலையாளம் கலந்து பதில் சொன்னார். ஜெனி அம்மா சமைக்காத சோற்றை, மூன்று வயதுக்குப் பிறகு முதல்முறையாக, வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

"இல்ல மோளே, இது நான் தனியாயிட்டு உண்டாக்கியது. பேடிக்க வேண்டா, கழிச்சோ."

மேல்தளம்

மறுநாள் கரை எங்குமே தெரியவில்லை. போனில் சிக்னல் போய்விட்டது. மலையடிவாரத்திலேயே வளர்ந்த பிள்ளை, கம்பியைப் பிடித்து நின்று "தண்ணி ஏன்ப்பா அங்க மேடா இருக்கு?" என்று கேட்டாள். சாயங்கால வெயிலில் மேல்தளத்தில் பாட்டுப் போட்டு, கடைக்காரர்களுக்கு விளையாட்டு நடத்தினார்கள். பரிசு வாங்கியவர்கள் போட்டோவுக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஜெனிக்குத் தொப்பி எடுக்க ஸ்டெல்லா கீழே அறைக்குப் போயிருந்தாள். பெரியப்பா பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று நானும் போய் நின்றேன். போட்டோ எடுத்துத் திரும்பும்போது ஜெனி கழுத்தைச் சொறிந்துகொண்டு என்னை நோக்கி நடந்து வந்தாள். "அப்பா, நாக்கு குத்துது" என்றாள். அடுத்த சொல்லுக்குக் குரல் இல்லை.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை, அத்தனை சத்தமாகப் பாட்டு. ஸ்டெல்லா படியேறி வந்துகொண்டிருந்தவள், தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மருந்துப் பை அவள் தோளில்தான் இருந்தது, குளிக்கும்போதுகூட அதைக் கதவில் மாட்டிவைத்துத்தான் குளிப்பாள். குப்பியை உடைத்தாள், இழுத்தாள். நான் காலைப் பிடித்தேன். கவுனை ஒதுக்கித் தொடையில் குத்தினாள். பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே குழிந்தது. சுற்றி வட்டமாக எங்கள் ஆட்கள். ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கப்பலின் டாக்டர், சின்ன வயசுப் பெண், ஆட்களோடு வந்து அவளைத் தூக்கினார். அதற்குள் செய்தி கீழே போயிருக்க வேண்டும். சமையல்காரர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"என்டெ அடுக்களையில நின்னாணோ சாரே? சொல்லு, என்டெ அடுக்களையில நின்னாணோ?"

மருத்துவ அறை

அவர் பயந்ததுபோல அது அவருடைய அடுக்களையிலிருந்து வரவில்லை. எங்கிருந்து வந்தது என்று அப்போது எங்களுக்கும் தெரியாது. முகமூடி மாட்டி ஆக்ஸிஜன் வைத்தார்கள். முதல் ஊசி போதாமல் இன்னொன்று போட்டார்கள். டாக்டர் பெண் கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் ஸ்டெல்லாவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது. மேலே பாட்டு நின்றது. பிறகு வேறு பாட்டு தொடங்கியது.

குழிந்த நெஞ்சு மெல்ல மெல்ல நேரானது. நீலம் விலகியது. ஸ்டெல்லா குனிந்து, அவளை அடிக்கப்போகிறவள் மாதிரி கேட்டாள்: "என்னடி தின்ன?" ஜெனி விரலை உருட்டி மாவுருண்டை என்று காட்டினாள், கதவுக்கு வெளியே நின்ற பெரியப்பாவைக் கைகாட்டினாள். "கேக்காமலா தின்ன? எத்தனை வாட்டி சொல்லிக்குடுத்தேன், கேக்காமலா தின்ன?" ஜெனி முகமூடியைக் கையால் விலக்கினாள். உடைந்த குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"நான் கேட்டேம்மா. கடலை இல்லவே இல்லைன்னு சொன்னாங்க."

கொஞ்சூண்டு

தங்கராசு அண்ணன் வெளியே கதவோரம்தான் நின்றார். வேட்டி நுனியைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடித்திருந்தார். அந்த மனுஷன் என் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அவரை அங்கேயே அடிக்க வேண்டும் என்று இருந்ததும் உண்மை. கடலையை இடித்து மாவில் கலந்து உருண்டை பிடித்தது ஊரிலேயே நடந்திருக்கிறது. தெரியாமல் கொடுத்தால் ஒன்றும் செய்யாது, எல்லாம் மனசில் இருக்கிற பயம்தான், தின்று முடித்த பிறகு சொல்லி எல்லாரும் சிரிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாரா, சமாதானம் சொல்ல வாயெடுத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஸ்டெல்லா எழுந்துபோய் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கொஞ்சூண்டுதான் தம்பி குடுத்தேன். நகத்தளவு."

கம்பெனி

இருட்டுவதற்குள், கூட வந்திருந்த கம்பெனிப் பிரதிநிதி ஒரு தட்டு நிறைய ஆப்பிளோடு பார்க்க வந்தார். ஜெனி தூங்கிக்கொண்டிருந்தாள். உண்மையாகவே வருத்தப்பட்டார், கண்ணெல்லாம் கலங்கியது. கரை சேர்ந்ததும் கொச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்தாகிவிட்டது என்றார். போகும்போது கதவருகே நின்று, போனை எடுத்து ஒலிப்பதிவுக்கு வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க சார்."

ஊருக்கு வந்தபின்

பிள்ளை பிழைத்துவிட்டது என்பதால் ஊரில் கதை திரும்பிவிட்டது. அறியாமல் கொடுத்தவரை நாங்கள் கொலைகாரனைப் போலப் பார்க்கிறோம் என்று பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற வைத்தியம் இருக்கிறதே, அதைத்தானே அண்ணன் செய்தார் என்று ஒருவர் போனில் படித்துவிட்டு வந்து வாதாடினார். மதுரை டாக்டரம்மாவிடம் கேட்டேன். இருக்கிறது, ஆனால் அதை ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் முன்னால் செய்வார்கள் என்றார். அதைச் சொன்னால் கேட்பதற்கு ஆளில்லை. கடைக்காரர் சங்கக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

வீட்டில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஜெனி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஸ்டெல்லா கஞ்சி கொண்டுபோனால் "கடலை இருக்காம்மா?" என்பாள். இல்லை என்றால் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பெற்ற அம்மாவையே நம்பவில்லை. அவள் முன்னால் நாங்கள் ஒரு வாய் சாப்பிட்டு, கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து காட்டினால்தான் கரண்டியைத் தொடுவாள். கவுன் தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனாள். சங்கத்துச் செயலாளர் கடைக்கு வந்தபோது இதைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்:

"பெரிய மனுசன், ஆசையாக் குடுத்தாரு. அதுக்குப் போயி மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்களேப்பா."

வெறுங்கை

ஒருநாள் மத்தியானம் தங்கராசு அண்ணனே வந்தார். கடைக்குள் ஏறவில்லை, ரோட்டில் வெயிலில் நின்றார். ஆள் பாதியாக இருந்தார். "ஜெனியப் பாக்கணும் தம்பி. வேற சோலி இல்ல" என்றார். ஸ்டெல்லா மாடிப்படியில் நின்று முடியாது என்றாள். அவர் அங்கிருந்தே, ரோட்டில் போகிறவர்கள் கேட்கிற மாதிரி, மாடியைப் பார்த்துச் சொன்னார்: "ஆத்தா, நீ கேட்ட. பெரியப்பா பொய் சொன்னேன். கடலை இருக்குன்னு தெரிஞ்சே இல்லைன்னு சொன்னேன்."

மாடியில் ஜெனி கேட்பது எனக்குக் கேட்டது: "அவங்க என்ன கொண்டாந்திருக்காங்கம்மா?" ஒன்றும் இல்லை என்றாள் ஸ்டெல்லா. வழக்கம்போல ஜெனி அதை நம்பவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, என்னைத் தாண்டி, கடைவாசலுக்குப் போனாள். அவர் அழுதுகொண்டே இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஜெனி முதலில் ஒரு கையைப் பார்த்தாள், பிறகு அடுத்த கையை. சட்டைப் பையையும் பார்த்தாள். திரும்பிப் படியேறிப் போய்விட்டாள். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். அவர் தலையாட்டி என்னைத் தடுத்தார்.

"விடு தம்பி. இனிமே அது அப்படித்தான் பாக்கும். பாக்கட்டும்."

கப்பல் எப்படி இருந்தது என்று கடைக்கு வருகிறவர்கள் இன்னும் கேட்கிறார்கள். கடல் ஒன்றும் செய்யவில்லை, கூட வந்தவர்களுக்குத்தான் எங்கள்மேல் பாசம் கொஞ்சம் அதிகம் என்று சொல்லி அனுப்புகிறேன்.